பதவி மூன்றரை ஆண்டு, பணி நாற்பது ஆண்டு

(இண்டூரில் நடந்த பொதுக்கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு சட்டமன்ற உறுப்பினரின் வாழ்க்கையும் பணியும் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். பென்னாகரத்தில் யார் ஜெயித்தார், தருமபுரியில் யார் எத்தனை ஓட்டில் தோற்றார் என்ற கணக்கெல்லாம் இங்கே இருக்கும் பெரியவர்களுக்கு விரல்நுனியில் இருக்கும். அதை நான் வந்து சொல்ல வேண்டியதில்லை. ஒரு ஓட்டுகூட வாங்காமல் சட்டமன்றத்துக்குப் போய், மூன்றரை ஆண்டுதான் அங்கே உட்கார்ந்து, தானாகவே எழுந்து வெளியே வந்துவிட்ட ஒருவரைப் பற்றிப் பேசுகிறேன்.

அவர் பெயர் இங்குள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். மாசமாக இருக்கும் பெண் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்தால் செவிலியர் ஒரு விண்ணப்பம் நிரப்புகிறார் அல்லவா, அதில் இருக்கும் பெயர்தான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி, தவணை தவணையாக வரும். "முத்துலட்சுமி பணம் ஏறிடுச்சா?" என்று வங்கி வாசலில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அந்த முத்துலட்சுமி ஒரு சட்டமன்ற உறுப்பினர் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கூட்டம்.

1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தார். அப்பா நாராயணசாமி அய்யர், மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். இந்தத் திருமணத்துக்காக நாராயணசாமி அய்யரை அவருடைய சொந்தங்கள் ஒதுக்கி வைத்தார்கள். அம்மா பக்கத்து உறவுகளோடு ஒட்டி வளர்ந்த பெண் முத்துலட்சுமி. பெண்ணைக் கோயிலுக்கு அர்ப்பணிக்கும் பொட்டுக்கட்டுதல் என்றால் என்ன, கட்டிக்கொண்ட பெண்ணின் பிற்காலம் எப்படிப் போகும், அந்த வீட்டுப் பெண் குழந்தையை ஊர் எந்தக் கண்ணால் பார்க்கும் என்பதையெல்லாம் அவர் புத்தகத்தில் படிக்கவில்லை. சட்டமன்றத்தில் அவர் பேசியதற்கெல்லாம் வேர் அந்த வீட்டில் இருக்கிறது.

பெரியவளானதும் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். அது அன்றைய வழக்கம். இன்றைக்கும் நம் பக்கத்தில் ஒன்பதாம் வகுப்போடு நிற்கும் பெண்கள் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். அப்பா வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுத்தார். தனித் தேர்வராக எழுதி மெட்ரிகுலேஷன் தேறினார். அடுத்து கல்லூரி. புதுக்கோட்டையில் இருந்தது ஆண்கள் கல்லூரி ஒன்றுதான். ஒரு பெண்ணைச் சேர்த்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்ப்பு வந்தது. கடைசியில் ராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்தார். மூடிய வண்டியில் வருவார். வகுப்பில் அவருக்கும் மாணவர்களுக்கும் நடுவே திரை தொங்கும். ஆசிரியர் முகம் அவருக்குத் தெரியும், மற்றவர்களுக்கு அவர் முகம் தெரியாது. வகுப்பு முடிந்து அவர் கிளம்பிப் போன பிறகுதான் பையன்களை வெளியே விடுவார்கள். அந்தத் திரைக்குப் பின்னால் ஒரு பெஞ்சில் தனியாக உட்கார்ந்து குறிப்பெழுதுகிற பதினெட்டு வயதுப் பெண்ணைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சந்தேகம் வந்தால் பக்கத்தில் கேட்க ஆள் கிடையாது. எழுதியதை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தோழி கிடையாது.

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-ல் பட்டம் பெற்றார். எழும்பூர் தாய்சேய் மருத்துவமனையில் பணியாற்றினார். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியைத் திருமணம் செய்துகொண்டார். என்னைச் சமமாக நடத்த வேண்டும், நான் செய்ய நினைக்கும் வேலைக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று பேசி முடிவு செய்த பிறகே சம்மதித்தார். அந்த மனிதரும் கடைசிவரை சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். 1925-ல் அரசு உதவியோடு லண்டன் போய்ப் பெண்கள், குழந்தைகள் நோய் பற்றி மேற்படிப்பு படித்தார்.

அதே 1925 ஜூலை 23 அன்று இங்கே, நமக்குப் பக்கத்திலிருக்கும் பாப்பாரப்பட்டியில், விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா கண்ணை மூடினார். தொழுநோயாளி ரயிலில் ஏறக் கூடாது என்று வெள்ளைக்காரன் தடை போட, உடம்பெல்லாம் புண்ணோடு ஊர் ஊராக நடந்தே போய்ப் பேசிய மனிதர். இண்டூரும் பாப்பாரப்பட்டியும் அன்றைக்குச் சேலம் ஜில்லா, தருமபுரி தாலுகா. தருமபுரி தனி மாவட்டமானது 1965-ல்தான். நம் மண்ணில் சிவாவின் போராட்டம் ஓய்ந்த மறு ஆண்டு, சென்னையில் முத்துலட்சுமியின் போராட்டம் தொடங்குகிறது.

அன்றைய சட்டமன்றம் எப்படி இருந்தது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் ஓட்டு கிடையாது. சொத்து உள்ளவர்களுக்கும் வரி கட்டுபவர்களுக்கும்தான். பெண்களுக்கு அதுவும் இல்லாமல் இருந்தது. 1921-ல் சென்னைச் சட்டமன்றம் பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுத்தது. இந்திய மாகாணங்களில் முதலாவது நம் மாகாணம். ஆனாலும் சொத்துள்ள பெண்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! ஓட்டுப் போடலாம் என்றார்களே ஒழிய, உறுப்பினராகலாம் என்று சொல்ல 1926 ஆயிற்று. அந்தத் தேர்தலில் மங்களூர்ப் பக்கம் கமலாதேவி சட்டோபாத்யாய துணிந்து நின்று சொற்ப ஓட்டில் தோற்றார். சென்னையில் இருந்த இந்திய மாதர் சங்கம் முத்துலட்சுமியின் பெயரைச் சொல்ல, அரசு அவரை நியமன உறுப்பினர் ஆக்கியது. அவர் தயங்கினார். மருத்துவத் தொழில் கெடுமே என்ற கவலை. பிறகு ஒப்புக்கொண்டார். அத்தனை ஆண்கள் இருந்த அவையில் ஒரே பெண். உள்ளே போன கையோடு அவரைத் துணைத்தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். உலகத்தில் ஒரு சட்டமன்றத்தின் துணைத்தலைவரான முதல் பெண் என்று வரலாறு எழுதுபவர்கள் குறிப்பிடுகிறார்கள். அப்போது முதன்மந்திரி டாக்டர் சுப்பராயன், திருச்செங்கோட்டுப் பக்கம் குமாரமங்கலத்துக்காரர், நம் பழைய சேலம் ஜில்லா ஆள்.

நியமன உறுப்பினர்தானே, அரசு சொன்னதற்குத் தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். துணைத்தலைவர் என்ற மரியாதை இருக்கிறது, மேடைக்கு மேடை மாலை கிடைக்கும். அவர் வேலையைத் தேடிப் போய் எடுத்துக்கொண்டார். பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை கேட்டார். ஏழைப் பெண் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாப் படிப்பு கேட்டார். குழந்தைகளுக்குத் தனி மருத்துவமனை கேட்டார். 1928-ல், பெண்ணுக்குத் திருமண வயது 16, ஆணுக்கு 21 என்று ஆக்க வேண்டும் எனத் தீர்மானம் கொண்டுவந்தார். மறு ஆண்டு தில்லியில் நிறைவேறிய சாரதா சட்டம் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்றுதான் வைத்தது. அவர் கேட்ட இடத்துக்கு நாடு வந்து சேர இன்னும் பல ஆண்டுகள் ஆயின. பெண்களை விலைபேசும் விடுதிகளுக்கு எதிரான சட்டம் 1930-ல் வந்ததிலும் அவர் உழைப்பு உண்டு.

எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னால் பட்டியலாகிவிடும். ஒரு சட்டத்தை மட்டும் எடுத்து விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் சட்டம் செய்கிறவரின் கெட்டிக்காரத்தனம் எங்கே இருக்கிறது என்று அதில் தெரியும்.

1927 நவம்பரில் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதை நிறுத்த வேண்டும் என்று அவையில் தீர்மானம் கொண்டுவந்தார். தீர்மானம் நிறைவேறியது. ஆனால் தீர்மானம் வேறு, சட்டம் வேறு. "அரசு ஆவன செய்ய வேண்டும்" என்று சொல்வதோடு தீர்மானம் நின்றுவிடும். சட்டம் என்று வந்தால், அது யாருடைய சோற்றில் கை வைக்கிறது என்று பார்க்க வேண்டும். கோயில் ஊழியத்துக்குப் பதிலாக அந்தக் குடும்பங்களுக்கு மானிய நிலம் இருந்தது. ஊழியம் நின்றால் நிலம் போய்விடும். இதுதான் முடிச்சு. எனக்கு இந்த வாழ்க்கை வேண்டாம், என் மகளுக்குக் கட்டாயம் வேண்டாம் என்று ஒரு தாய் நினைத்தாலும், அடுத்த வேளைச் சாப்பாடு அந்தக் காணியில் இருந்தது. நிலத்துக்காகவே அடுத்த தலைமுறையில் ஒரு பெண்ணுக்குப் பொட்டுக்கட்ட வேண்டியிருந்தது.

முத்துலட்சுமி முதலில் இந்த முடிச்சை அவிழ்த்தார். 1929-ஆம் ஆண்டின் ஐந்தாவது சட்டம், இந்து சமய அறநிலையச் சட்டத்துக்கு ஒரு திருத்தம். பார்க்கச் சிறிய திருத்தம். ஊழியம் செய்ய வேண்டிய கட்டாயத்திலிருந்து நிலம் விடுபடும், நிலம் அந்தப் பெண்ணுக்கே நிற்கும். அதாவது "போ" என்று சொல்வதற்கு முன்னால், போகிறவளுக்குக் காலூன்ற ஒரு துண்டு நிலத்தைச் சட்டமே உறுதி செய்தது. விவசாயம் செய்யும் ஊரில் நிலத்தின் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை. நல்ல எண்ணம் உள்ளவர்கள் எத்தனையோ பேர் பொட்டுக்கட்டுவதைக் கண்டித்து அதற்கு முன்பே பேசியிருந்தார்கள். பட்டாவை யோசித்தவர் இவர். என் கணிப்பில் அவருடைய சட்டமன்றப் பணியில் இதுவே உச்சம். தடைச் சட்டத்தைவிட இது பெரிது என்றுகூடச் சொல்வேன்.

தடைச் சட்டத்துக்கான மசோதாவை 1930-ல் கொண்டுவந்தார். எதிர்ப்பு பல பக்கத்திலிருந்தும் வந்தது. காங்கிரசின் பெரிய பேச்சாளர் சத்தியமூர்த்தி எதிர்த்தார். மத வழக்கத்தில் அரசு தலையிடக் கூடாது என்றார்கள், கலை அழியும் என்றார்கள். தேவதாசிகளே சென்னையில் சங்கமாகக் கூடி அரசுக்கு மனு கொடுத்தார்கள். பெங்களூர் நாகரத்தினம்மா அந்த அணியில் நின்றவர். திருவையாற்றில் தியாகராஜருக்குத் தன் சொத்தைப் போட்டுக் கோயில் எழுப்பிய அதே நாகரத்தினம்மா. எங்களிடம் கல்வி உண்டு, கலை உண்டு, சொத்துரிமை உண்டு, எங்கள் எல்லோரையும் ஒரே சொல்லில் இழிவுபடுத்தாதீர்கள் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருந்தது. முத்துலட்சுமி அவர்களிடம் இன்னும் காது கொடுத்திருக்கலாம் என்றே நான் நினைக்கிறேன். பிற்காலத்தில் அந்த ஆட்டமும் பாட்டும் வேறு கைகளுக்குப் போனபோது, அதை உயிரோடு காப்பாற்றி வைத்திருந்த குடும்பங்கள் மேடைக்குக் கீழே நின்றன. அது பெரிய அநியாயம். ஆனாலும் விவரம் தெரியாத சிறுமியின் கழுத்தில், அவளைக் கேட்காமல், வாழ்நாள் முழுவதற்குமான ஒரு கட்டைப் போடுவது சரியா என்ற கேள்விக்கு அந்த மனுக்கள் எதுவும் பதில் சொல்லவில்லை. அந்த ஒரு கேள்வியில் முத்துலட்சுமி பக்கம்தான் நியாயம்.

வெளியே அவருக்குத் துணை இருந்தது. பெரியாரின் சுயமரியாதை இயக்கம் ஆதரித்தது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார், அதே மரபில் பிறந்து அதை உதறி வந்தவர், ஊர் ஊராகப் பேசினார். 1936-ல் இதையே பொருளாக வைத்து ஒரு நாவலும் எழுதினார். அவர் பெயரிலும் ஒரு திட்டம் நம் ஊர்ப் பெண்களுக்குத் தெரியும்.

இனித்தான் முக்கியமான கட்டம். 1930 மே மாதம், உப்புச் சத்தியாகிரகத்துக்காக காந்தியைக் கைது செய்கிறார்கள். முத்துலட்சுமி உறுப்பினர் பதவியை ராஜினாமா செய்கிறார். மசோதா பாதியில் நிற்கிறது. தன் வாழ்வின் லட்சியமான மசோதா கையில் இருக்கும்போது நாற்காலியை விடுவதா என்று அவரைக் கேட்டிருக்கலாம். அவர் விட்டார். சரியா தவறா என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அவர் இல்லாத அவையில் மசோதா கிடப்பில் விழுந்தது என்பது உண்மை.

ஆனால் அவர் வீட்டில் போய் உட்காரவில்லை. அதே 1930-ல், போக இடமில்லாமல் தேவதாசிக் குடும்பப் பெண் பிள்ளைகள் சிலர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். தங்கவைக்க விடுதி கேட்டால், இந்தப் பிள்ளைகளா என்று கதவைச் சாத்தினார்கள். தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அதுதான் அவ்வை இல்லம். அடையாற்றில் இன்றைக்கும் நடக்கிறது. சட்டம் விடுதலை கொடுத்தாலும் விடுதலை பெற்றவள் இரவில் படுக்க ஒரு பாய் வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

பதினேழு ஆண்டுகள் எழுதினார், பேசினார், வருகிற அமைச்சர்களிடமெல்லாம் போய் நின்றார். நாடு விடுதலை பெற்ற 1947-ல், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில், தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. 1927-ல் முதன்மந்திரியாக இருந்த நம் ஜில்லாக்காரர் சுப்பராயன், ஓமந்தூராரின் அமைச்சரவையிலும் இருந்தார். தீர்மானத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே இருபது ஆண்டு. நியமனம் வாங்கிய நாளிலிருந்து எண்ணினால், அவர் பதவியில் இருந்த காலத்தைப்போலப் பல மடங்கு காலம் பதவி இல்லாமல் அதே வேலையைத் துரத்தியிருக்கிறார்.

தங்கை ஒருத்தி புற்றுநோயில் இறந்ததைக் கண்முன்னால் பார்த்தவர் முத்துலட்சுமி. தென்னாட்டில் அதற்குத் தனி மருத்துவமனை இல்லை. பணம் திரட்டினார், 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு தொடங்கியது. நம் மாவட்டத்திலிருந்து பேருந்து ஏறி அடையாறு போய் வைத்தியம் பார்த்துவரும் குடும்பங்கள் இங்கேயே இருக்கும். 1956-ல் பத்மபூஷண். 1968 ஜூலை 22 அன்று காலமானார்.

சரி, இதை ஏன் இண்டூரில் வந்து சொல்கிறேன்?

2011 மக்கள்தொகைக் கணக்கில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே கடைசியில் நின்ற மாவட்டம் தருமபுரி. பெண் சிசுக்களைக் காப்பாற்றச் சேலத்தில் 1992-ல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001-ல் நம் மாவட்டத்துக்கும் கொண்டுவர வேண்டியிருந்தது. வயிற்றில் இருப்பது பெண்ணா என்று திருட்டுத்தனமாக ஸ்கேன் பார்த்துச் சொன்ன கும்பல்கள் பிடிபட்ட செய்திகளை இந்த மாவட்டத்தின் பெயரோடு சேர்த்துப் படித்திருக்கிறோம். வெட்கமாக இருக்கிறது. குழந்தைத் திருமணம் நின்றபாடில்லை. காரணம் பெற்றோரின் கெட்ட எண்ணம் என்று நான் சொல்ல மாட்டேன். மழை பொய்த்தால் புருஷனும் பெண்சாதியும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறார்கள். வயசுக்கு வந்த பெண்ணை யார் பொறுப்பில் விட்டுப்போவது? மாமன் மகன் இருக்கிறான், கட்டிக்கொடுத்துவிட்டால் நிம்மதி. முத்துலட்சுமி நிலத்தின் முடிச்சை அவிழ்த்த மாதிரி, இங்கே அவிழ்க்க வேண்டிய முடிச்சு இது. அந்தப் பெண் தங்கிப் படிக்க ஒரு விடுதி, ஊருக்குள் நம்பி விட்டுப்போக ஓர் ஏற்பாடு, இருட்டுவதற்கு முன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சேர ஒரு பேருந்து. இதைக் கேட்காமல் சட்டத்தை மட்டும் காட்டிப் பயமுறுத்தினால் கல்யாணம் பக்கத்து ஊர்க் கோயிலில் விடிகாலையில் நடக்கும்.

அந்த மகப்பேறு உதவி விண்ணப்பத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது. தாய்க்கு வயது 19 ஆகியிருக்க வேண்டும். முத்துலட்சுமி பெயரில் கிடைக்கும் பணம், முத்துலட்சுமி எதை எதிர்த்தாரோ அதற்குப் போகக் கூடாது என்பது சரியான ஏற்பாடுதான். ஆனால் 16 வயதில் கட்டிக்கொடுத்து 17-ல் பிள்ளை பெற்றவள் அந்த உதவியையும் இழந்து நிற்கிறாள். தப்பு அவளுடையதா?

உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. ஊராட்சி உறுப்பினர்களாக இருந்த அம்மாக்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள், இனி நிற்கப்போகிறவர்களும் இருப்பீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் நாற்காலியில் உங்கள் வீட்டுக்காரரை உட்கார விடாதீர்கள். திரைக்குப் பின்னால் உட்கார்ந்து படித்து, அத்தனை ஆண்கள் நடுவே தனியாக எழுந்து நின்று ஒரு பெண் பேசியதால் கிடைத்த நாற்காலி அது.

ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வருகிற கூட்டத்துக்கு எல்லாரும் போங்கள். ஒன்பதாம் வகுப்போடு நின்ற பெண்கள் நம் ஊராட்சியில் எத்தனை பேர் என்று கேளுங்கள். அவர்கள் தங்கிப் படிக்க விடுதி கேட்டும், மாலைப் பேருந்து கேட்டும் தீர்மானம் போடச் சொல்லுங்கள். எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அடுத்த கூட்டத்தில் முதல் ஆளாக எழுந்து, போன தடவை போட்ட தீர்மானம் என்ன ஆச்சு என்று கேளுங்கள். பதில் வரும்வரை ஒவ்வொரு கூட்டத்திலும் கேளுங்கள்.